சவரக்கத்தி வாங்கியவன் தோல் வாரைப் பற்றி எழுதுவது

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டூல்ரூமில் 27 வருடம் வேலை பார்த்தேன். லேத் டூல், டிரில் பிட், பஞ்ச், டை என்று எதையாவது கூராக்கிக்கொண்டேயிருப்பதுதான் பிழைப்பு. அதனால் விருப்ப ஓய்வு பெற்ற கையோடு, மடக்கும் சவரக்கத்தி ஒன்றை வாங்கி நானே முகம் மழித்துக்கொள்வது என்று முடிவு செய்தபோது, கத்தியைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முகத்தைப் பற்றி மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆகிறது. கன்னமும் கழுத்தும் முதல் மாதத்திலேயே ஓரளவு வசப்பட்டுவிட்டன. கத்திதான் இன்னும் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது.

வாங்கியவை மூன்று. கத்தி, சுங்க வரி உட்பட 14,500 ரூபாய். கத்தியின் வாயைச் சீராக்க உள்நாட்டில் செய்த எருமைத்தோல் வார், 1,900 ரூபாய். பிறகு வேறு வழியில்லாமல் வாங்கிய 4000/8000 எண் இரட்டைத் தீட்டுக்கல், 6,000 ரூபாய். தூரிகை, சோப்பு, படிகாரக்கல் எல்லாம் சேர்ந்து 900. மொத்தம் 23,300 ரூபாய். எங்கள் தெரு முனைச் சலூனில் சவரத்துக்கு 80 ரூபாய். 'வாரம் இரண்டு முறை போனாலும் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு வரும்' என்று என் மனைவி கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரிதான். நானும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கத்தி. தயாரித்த கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. குறை ஒன்று சொல்ல இருக்கிறேன். அதில் செய்தவர் பங்கு எவ்வளவு, விற்றவர் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்தது என்பது வரை சொல்லலாம். கத்தியின் கழுத்தில் ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் செய்த பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம் என்று 1938 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. கோவை வெட் கிரைண்டருக்கு நாம் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு 5/8. கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வதுதான் உலகம் முழுவதும் வழக்கம். 5/8 என்றால் சுமார் 16 மில்லிமீட்டர். இதைவிடக் குறுகலான கத்தியில் நுரை சீக்கிரம் நிரம்பிவிடும், அடிக்கடி கழுவ வேண்டும். அகலம் கூடினால் மூக்குக்கடியில் கத்தியைத் திருப்ப இடம் இருக்காது. தொடங்குகிறவர்களுக்கு 5/8 என்று எல்லாரும் சொல்வதில் காரணம் இருக்கிறது. நுனி வட்டமாக இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். நுனி கூராக உள்ள கத்தி படத்தில் அழகாக இருக்கும். காது மடலுக்கு ஆகாது.

பார்சலைப் பிரித்ததும் வெர்னியரை எடுத்தேன். பழக்கதோஷம். முதுகின் தடிமன் 4.8 மில்லிமீட்டர். முதுகு கல்லில் படியும் இடத்திலிருந்து வெட்டும் வாய் வரை 15.5. திரிகோணமிதி போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய பதினெட்டுப் பாகைக் கோணம் வருகிறது. அடுப்படிக் கத்தியில் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அதைவிட என்னை மயக்கியது வேறொன்று. இந்தக் கத்தியைத் தீட்டக் கோணம் பிடிக்க வேண்டியதே இல்லை. முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லில் படுக்க வைத்தால் கோணம் தானாக வந்துவிடும். முதுகே ஜிக், கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் சட்டம். தீட்டத் தீட்ட வாய் தேய்வதோடு முதுகும் தேயும், ஆகவே கோணம் பெரிதாக மாறாது. இதை முதலில் யோசித்தவர் எந்தக் காலத்தவரோ, எங்கள் டூல்ரூமில் இருந்திருந்தால் ஃபோர்மேன் ஆகியிருப்பார்.

இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்த கத்தி இது. வாய்ப் பக்கம் அவ்வளவு மெல்லியது. கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து லேசாக அழுத்தினால் வாய் நெளிவது கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை செய்து பார்த்தேன். மறுபடி செய்ய மாட்டேன்.

இனி குறை. உறையின் மேல் 'சவரத்துக்குத் தயார்' என்று விற்றவரின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மனைவியின் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தியின் வாய் மேல் இறக்கிப் பார்த்தேன். நல்ல கூரில் முடி தொட்டதும் துண்டாகி விழ வேண்டும். இது வளைந்து, வழுக்கி, அந்தப் பக்கம் இறங்கியது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். 'தலைமுடி வேறு, தாடி முடி வேறு' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் சவரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வலது கன்னம் மட்டும் என்று திட்டம். வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்து, தூரிகையால் நுரை ஏற்றி, மோதிர விரல் கத்தியின் கழுத்திலும் சுண்டு விரல் வாலிலும் இருக்கப் பிடித்து, முதுகை முதலில் கன்னத்தில் படுக்க வைத்து, மெல்ல நிமிர்த்தி, தோலுக்கும் கத்திக்கும் முப்பது பாகை இருக்கும்படி இறக்கினேன். கத்தி மழிக்கவில்லை, பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. கூர் போதாத லேத் டூல் இரும்பைச் சீவாமல் தள்ளும்போது பழகியவன் என்ன செய்வான்? அழுத்தம் கொடுப்பான். நானும் கொடுத்தேன். கோணத்தையும் ஏற்றினேன். காதுமடலுக்குக் கீழே ஒரு கோடு சிவந்து, நுரைக்குள் இளஞ்சிவப்பாகப் பரவியது. கல்லூரியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, ஆம்புலன்ஸ் எண் 108" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மூன்று வாரமும் இதே கதை. பிடுங்கல், எரிச்சல், பாதிக் கன்னத்தோடு பழைய பிளாஸ்டிக் ரேசருக்குத் திரும்புதல். ஒவ்வொரு நாளும் சவரத்துக்கு முன் வாரில் அறுபது இழுப்பு இழுத்தேன். தீட்டத் தீட்டக் கூர் குறைந்துகொண்டே போனது. இதுதான் எனக்கு விளங்கவில்லை.

வாரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டரை அங்குல அகலம், ஒன்றரை அடிக்கு மேல் நீளம். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் பிடி. ஒரு பக்கம் தோல், பின்பக்கம் தடித்த கித்தான். கித்தான் கத்தியின் வாயில் ஒட்டியிருக்கும் துருப்பொடியையும் சோப்பையும் துடைக்கும். தோல் அந்த வாயை நேராக்கி மெருகேற்றும். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் வாய் நுனி ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். எங்கள் டூல்ரூமில் நூறில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக வந்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். அதுவே பத்து மைக்ரான். அவ்வளவு மெல்லிய இரும்பு ஒரு முகத்தை மழித்து முடிப்பதற்குள் அங்கங்கே மடங்கும், ஈரத்தில் அரிக்கும். அதை மறுபடி நிமிர்த்துவது வாரின் வேலை. இரும்பைச் சீவி எடுப்பது கல்லின் வேலை. நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். வாரிலும் அழுத்தித் தேய்த்தேன்.

இழுப்பில் முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். முனைக்குப் போனதும் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். வேகத்தில் வாய்ப் பக்கமாகத் திருப்பினால் தோலில் வெட்டு விழும். என் வாரில் முதல் பத்து நாளிலேயே மூன்று வெட்டு. மூன்றாவது ஆழம். அந்த மூன்று தடவையும் கத்தியின் வாய்க்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. தோல் போச்சே என்றுதான் வருத்தப்பட்டேன்.

நான்காவது வாரம் கத்தியையும் வாரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு தெரு முனைச் சலூனுக்குப் போனேன். இரண்டு நாற்காலிக் கடை. மகன் நடத்துகிறார். எழுபது தாண்டிய அப்பா வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். இப்போது அங்கே பாதி பிளேடுதான். இரட்டை முனை பிளேடைக் காகித உறையோடு நெடுக்காக மடித்து 'டக்' என்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் சொருகி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறார்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் தீவிரமாக இருந்த காலத்தில் ஊரெங்கும் பழைய கத்திகள் மேசைக்குள் போயின. அந்தப் பெரியவருடைய கத்தியும் அப்போது உள்ளே போனதுதான்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று நீட்டினேன்.

அவர் கத்தியைத் திறந்தார். விரலால் தொடவில்லை. வாயைத் தன் கண்ணுக்கு நேராகத் திருப்பி, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தார்.

"தம்பி, இங்கே மின்னுகிறது, தெரிகிறதா? இங்கேயும். கூர் இருந்தால் வாயில் வெளிச்சம் நிற்காது. நிற்க இடம் இருக்காது."

தெரிந்தது. மயிரிழை போல ஒரு வெள்ளிக்கோடு, நடுநடுவே அறுந்து. 27 வருடம் டூல்ரூமில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் நான்.

"வாரை இழுத்துப் பிடிக்கிறீர்களா, தொங்கவிடுகிறீர்களா?"

"கொஞ்சம் தொய்வாகத்தான் பிடிக்கிறேன்."

"தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி மேலே ஏறும். வாய் உருண்டு போகும்."

மேசையின் கீழறையிலிருந்து தன் வாரை எடுத்தார். எண்ணெயும் வியர்வையும் ஏறி, தோல் பக்கம் கருங்காலி போல மினுமினுத்தது. சுவர் ஆணியில் மாட்டி, இடது கையால் வயலின் நரம்பு போல விறைப்பாக இழுத்து, வலது கையில் என் கத்தியை வைத்து இழுக்கத் தொடங்கினார். சட் சட் என்று என் கண் தொடர முடியாத வேகம். நிறுத்தி, எனக்காக ஆமை வேகத்தில் மறுபடி காட்டினார். அப்போதுதான் பார்த்தேன், மணிக்கட்டு அசையவேயில்லை. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் கத்தியின் கழுத்தைப் பென்சிலை உருட்டுவது போல உருட்டின, அவ்வளவுதான். முதுகு தோலை விட்டு ஒரு கணம்கூட எழும்பவில்லை.

"கத்திக்கு இருக்கிற எடை போதும், தம்பி. உங்கள் எடை அதற்கு வேண்டாம்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் நுரை முகத்தோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கல்லில் தீட்டித் தருவீர்களா என்று கேட்டேன். கண் போதாது என்று மறுத்துவிட்டார். காசும் வாங்கவில்லை. ஒன்று மட்டும் எச்சரித்தார்: சைக்கிளில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அது எனக்கே தெரியும். சாணைச் சக்கரத்தின் சூட்டில் இந்த மெல்லிய வாய் நீலம் பாய்ந்து பதம் போய்விடும். பிறகு அதில் கத்தரிக்காய்தான் நறுக்கலாம்.

ஆகவே கல் வாங்கினேன். முழுக்க மழுங்கிய கத்திக்கு 1000 எண் கல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள். வாய் உருண்டிருந்ததே தவிர உடையவில்லை என்பதால் 4000 எண்ணிலிருந்து தொடங்கினேன். எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்ணியதாகும். டூல்ரூமில் இரண்டு பரப்பு ஒட்டுகிறதா என்று பார்க்க நீல மை தடவுவோம். அதே உத்தியை இங்கே செய்தேன். மார்க்கர் பேனாவால் வாயோரம் முழுக்கக் கறுப்புக் கோடு போட்டு, கல்லில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நுனியிலும் நடுவிலும் மை அழிந்திருந்தது. அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மை அப்படியே இருந்தது. மறுபக்கம் திருப்பினால் அங்கே அழிந்திருந்தது. கத்தி மிக லேசாக முறுக்கியிருக்கிறது. 14,500 ரூபாய்க் கத்தியில் இது இருக்கக் கூடாது. ஆனால் கையால் கடையும் பொருளில் இது நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் இழுக்கும்போது மட்டும் கத்தியைக் கல்லின் குறுக்கே சாய்வாக, அடியிலிருந்து நுனிக்கு நகர்த்திக்கொண்டே போனால் மை முழுவதும் அழிகிறது. 4000 எண்ணில் முப்பது, 8000 எண்ணில் ஐம்பது. கல்லில் மட்டும் வாய் முன்னால் போக வேண்டும், வாருக்கு நேர் எதிர். பிறகு கித்தானில் முப்பது, தோலில் அறுபது, இந்த முறை கையின் எடை இல்லாமல்.

மனைவியின் சீப்பிலிருந்து இன்னொரு முடி. தொட்டது, 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது போல எனக்குத் தோன்றியது, கீழ்ப்பாதி வாஷ்பேசினில் விழுந்தது. இன்னும் ஆறு முடி வெட்டிப் பார்த்தேன். மனைவி சீப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று காலை மழித்ததுதான் உண்மையில் என் முதல் சவரம். குழிவாகக் கடைந்த கத்தி பேசும். நன்றாக வெட்டும்போது, எவர்சில்வர் தட்டில் ரவை சரிவது போல ஒரு மெல்லிய சத்தம் எலும்பு வழியாகக் காதுக்கு வருகிறது. கோணம் கூடினால் சத்தம் கரகரக்கும். கோணம் குறைந்தால் சத்தமே இருக்காது, முடி அப்படியே நிற்கும். கண்ணாடியைவிடக் காதை நம்பித்தான் இப்போது மழிக்கிறேன்.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லாரும் சொல்கிறார்கள். வேலையில் பாதி, கத்தி பிடிக்காத கையுடையது. காதுக்கு மேலே விரலை வைத்துத் தோலை மேலே இழுத்து, கன்னம் மத்தளத்தின் தோல் போல விறைத்த பிறகுதான் கத்தி இறங்க வேண்டும். இடது கன்னத்துக்குக் கத்தியை இடது கைக்கு மாற்றிப் பழகினேன். மூன்று நாள் பயமாக இருந்தது, பிறகு இல்லை. முதல் மாதம் முடி படியும் வாக்கில் மட்டும் மழிக்க வேண்டும். எதிர்வாக்கில் இழுக்கும் ஆசையை நான் இன்னும் கழுத்தில் அடக்கி வைத்திருக்கிறேன். குரல்வளை மேட்டின் மேல் மழிக்க, அங்கிருக்கும் தோலைப் பக்கவாட்டில் இழுத்து, மேட்டிலிருந்து சமதளத்துக்குக் கொண்டுவந்து மழிப்பது நல்ல உத்தி. வெட்டுப்பட்டால் குளிர்ந்த தண்ணீரும் படிகாரக்கல்லும். எங்கே தவறினோம் என்று படிகாரம் எரிச்சலாலேயே காட்டிக்கொடுத்துவிடும். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை இதற்கு வேண்டாம். காற்றுதான் அதிகம், வழுக்கல் இல்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை, எங்கள் ஊர்க்காரர்களுக்காக. சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் சிறு துண்டு சோப்பில் கிண்ணம் நிறைய நுரை வருகிறது. போர்த் தண்ணீரில் அதே சோப்பு திரிந்த பால் மாதிரி நிற்கிறது. நுரை சரியில்லாத நாளில் கத்தியைக் குறை சொல்லி இரண்டு வாரம் வீணாக்கினேன். இப்போது சவரத்துக்கென்று ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் தனியாக எடுத்து வைக்கிறேன்.

இது கார்பன் எஃகு, துருப்பிடிக்கும். மழித்து முடித்ததும் கழுவி, மெல்லிய துணியால் முதுகிலிருந்து வாய் நோக்கித் துடைத்து, கித்தானில் பத்து இழுப்பு இழுத்து, கொஞ்ச நேரம் திறந்தே காற்றில் வைத்துவிட்டு, பிறகு மடக்குகிறேன். மழைக்காலத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுத்து நாறும். குளியலறையில் வைக்கவே கூடாது. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் ஏழு கத்திகள் கொண்ட பெட்டி வைத்திருந்தார்களாம், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர் பொறித்து. நான் அதைப் பணத்திமிர் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து ஒரே கத்தியில் மழித்துப் பார்த்தபோது, நன்றாகக் காய்ந்த கத்தி எவ்வளவு நல்லது என்று விளங்கியது.

இவ்வளவு பாட்டை ஒரே வீச்சில் இல்லாமல் ஆக்கியவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். 1903-இல் அவருடைய கம்பெனி விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். அடுத்த வருடம் காப்புரிமை கிடைத்தது. ரேசர் விற்பனை 90,000-ஐத் தொட்டது. அவர் விற்ற பொருளின் சாரம் பாதுகாப்பு என்று சொல்வார்கள். வாரோடு நான்கு மாதம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. மழிப்பதை அவர் பெரிதாக மாற்றவில்லை. தீட்டுவதைத்தான் ஒழித்தார். பிளேடு மழுங்கினால் எறி, வாரும் வேண்டாம் கல்லும் வேண்டாம். 1900-களில் முகத்தில் அரைகுறைக் கூரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது வரமாகத்தான் தெரிந்திருக்கும்.

நீங்கள் வாங்கலாமா? காலை எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவர் என்றால் வேண்டாம். எனக்கு இன்னும் தீட்டலோடு சேர்த்து 25 நிமிடம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் பரு நிறைந்தவர்கள் கிட்டே வர வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பூட்டி வைக்க அலமாரி வேண்டும். இருநூறு ரூபாய்க்குப் பாதி பிளேடு சொருகும் சலூன் கத்தியை வாங்கி முதலில் பழகலாமே என்று கேட்கிறார்கள். நானும் வாங்கிப் பழகினேன். அது எடையில்லாதது, வளைந்து கொடுக்காது, சிறு தவறுக்கும் உடனே வெட்டும். கன்னத்தில் அது போட்ட கோடுகளைப் பெரிய கத்தி போடவில்லை. ஆனால் ஒரு விஷயத்துக்கு அது உதவும்: புது பிளேடின் கூர் எப்படியிருக்கும் என்று முகத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு உங்கள் சவரக்கத்தி மழுங்கியிருந்தால் என்னைப் போல மூன்று வாரம் ஏமாற மாட்டீர்கள்.

கத்தியை இறக்குமதி செய்ய அவசரம் வேண்டாம். முதலில் மலிவான வார் ஒன்றை வாங்குங்கள். விலையுயர்ந்த குதிரைத்தோல் வார் இப்போது வேண்டவே வேண்டாம், எப்படியும் வெட்டப்போகிறீர்கள். ஒரு மாதம் வெண்ணெய்க் கத்தியை வைத்து அதில் இழுத்துப் பழகுங்கள், முதுகில் உருட்டித் திருப்பப் பழகுங்கள். வீட்டார் சிரிப்பார்கள். கத்தி வாங்கும்போது, பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிற கடையை விட்டுவிட்டு, தானே கல்லில் தீட்டி அனுப்புகிற விற்பனையாளரைத் தேடுங்கள். ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை.

கத்திக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண், அந்த முறுக்கலுக்காக. கல்லுக்கு எட்டு. 1,900 ரூபாய் வாருக்கு ஒன்பது. தோல் ஒரே சீராக இருக்கிறது, கொக்கி அசையவில்லை, வெட்டுகள் மூன்றையும் கோந்து வைத்து ஒட்டி, மென்மையான உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன்; கத்தி போகும்போது இப்போது தட்டுப்படவில்லை. மூன்று மாதத்துக்கு மேலாக நான்காவது வெட்டு விழவில்லை.

தாடைக் குழிதான் பாக்கி. கீழுதட்டுக்குக் கீழே, முடி மூன்று திசையில் சுழிக்கும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். உதட்டைப் பல்லுக்குள் மடக்கி, தாடையை முன்னால் தள்ளி, நுனியால் சின்னச் சின்னதாக இழுத்துப் பார்க்கிறேன். இன்று காலையும் நான்கு முடி நின்றுவிட்டது. வெளியே போக வேண்டியிருந்ததால் பழைய பிளாஸ்டிக் ரேசரை எடுத்து அதை முடித்தேன்.